எட்டு இலக்கத்தோடு நின்ற கொழுந்து

ஏழு கோடியே முப்பத்தொன்பது இலட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்துமூன்று. வாயால் சொல்ல மூச்சு வாங்கும். இலக்கத்தில் எழுதினால் 73939133. ஏப்ரல் விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, மழை விடாமல் பெய்த ஒரு பின்னேரம், இதை ஒரு தாளில் எழுதி அக்கா மகளிடம் நீட்டினேன். பதினோராம் தரம் படிக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரிதான். ஆனால் அவளுக்குக் கணக்கு என்றால் கடந்தகால வினாத்தாள். புள்ளி கிடைக்காத எண்ணை எதற்குப் பார்க்க வேண்டும் என்கிற கட்சி.

"கடைசி இலக்கத்தைக் கிள்ளு" என்றேன்.

மலையகத்தில் கிள்ளுவது என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அவள் அம்மா வருடக்கணக்காகச் செய்துவரும் வேலை அது. காலையில் பிரட்டுக்கு, அதாவது பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போய், நிரை பிடித்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நுனியை மட்டும் எடுத்துக் கூடைக்குள் போடுவது. நுனியை எடுத்தபின் செடி உயிரோடு இருக்க வேண்டும். கொழுந்தெடுக்கப் புதிதாக வரும் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

கடைசி 3 போனால் 7393913. இன்னொரு 3 போனால் 739391. பிறகு 73939, 7393, 739, 73, கடைசியில் 7. இந்த எட்டு எண்களும் முதன்மை எண்கள். அதாவது 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதவை. எத்தனை முறை கிள்ளினாலும் மிச்சம் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டுப் புத்தகங்கள் இவற்றைப் பகா எண் என்கின்றன. பகுக்க முடியாதது என்று பொருள் அந்தப் பெயரிலேயே இருப்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் நம் பாடசாலைகளில் முதன்மை எண் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இங்கும் அப்படியே இருக்கட்டும்.

இப்படி வலப்பக்கமாகக் கிள்ளக் கிள்ள முதன்மையாகவே இருக்கும் எண்கள் மொத்தம் 83 இருக்கின்றன. அவற்றில் பெரியது இந்த 73939133. ஒன்பது இலக்கத்தில் ஒன்றுகூட இல்லை. பத்து இலக்கத்திலும் இல்லை, எங்கேயும் இல்லை. முதன்மை எண்களுக்கு முடிவே கிடையாது என்று யூக்ளிட் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் முன்னரே நிறுவிவிட்டார். 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட முதன்மை எண்ணுக்கு 4 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் இலக்கங்கள் (2-ஐ 136279841 தடவை பெருக்கி 1-ஐக் கழித்தால் அது வரும்). அவ்வளவு தூரம் முதன்மை எண்கள் இருக்கும்போது, இந்தக் கிள்ளும் எண்கள் மட்டும் ஏன் எட்டு இலக்கத்தோடு நின்றுபோயின? விளக்க வேண்டிய விஷயம் அதுதான்.

முதலில், சரிபார்ப்பது எவ்வளவு வேலை என்று தெரிந்துகொள்வது நல்லது. ஓர் எண் முதன்மையா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை உள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 739-இன் வர்க்கமூலம் 27-ஐக் கொஞ்சம் தாண்டும். எனவே 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 என்று ஒன்பது வகுத்தல். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். 7393-க்கு 83 வரை போக வேண்டும், 23 வகுத்தல். 73939133-க்கு 8598 வரை போக வேண்டும், ஆயிரத்துக்கு மேற்பட்ட வகுத்தல். கையால் செய்யலாம், ஒரு விடுமுறை முழுவதும் போகும். கணினிக்கு இமைக்கும் நேரம்கூட வேண்டாம்.

கிள்ளுவதை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கமாக வளர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். ஓர் இலக்க முதன்மை எண்கள் நான்கு: 2, 3, 5, 7. அவைதான் அடிமரம். ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் இலக்கத்தை ஒட்டிப் பார்க்க வேண்டும். இரட்டை இலக்கத்தை ஒட்டினால் 2-ஆல் வகுபடும். 5-ஐ ஒட்டினால் 5-ஆல் வகுபடும், 0-வைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. மிச்சம் 1, 3, 7, 9 நான்குதான். 7-இன் நுனியில் அவற்றை ஒட்டினால் 71, 73, 77, 79. இதில் 77 விழுந்துவிடும், மற்ற மூன்றும் துளிர்க்கும். அந்த மூன்றின் நுனியிலும் மறுபடி நான்கு நான்காக ஒட்டிப் பார்ப்பது. இப்படியே போனால் ஒரு மரம் கிடைக்கும்.

அந்த மரத்தில் எத்தனை இலக்கத்தில் எத்தனை எண் என்று எண்ணினால் வரும் வரிசை இது: 4, 9, 14, 16, 15, 12, 8, 5. அதற்கப்புறம் 0. கூட்டினால் 83. நான்கு இலக்கம் வரை செழித்து, 16-இல் உச்சம் தொட்டு, பிறகு மெலிந்துகொண்டே போய் எட்டாவதில் ஐந்து கொழுந்துகளோடு நிற்கிறது. அந்த ஐந்து: 23399339, 29399999, 37337999, 59393339, 73939133.

இந்த ஐந்தையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு வினோதம் தெரியும். 3-உம் 9-உமாகக் கொட்டிக் கிடக்கின்றன. 2-இல் தொடங்குகிற இரண்டிலும், 5-இல் தொடங்குகிற ஒன்றிலும் முதல் இலக்கத்துக்குப் பிறகு 3, 9 தவிர வேறு இலக்கமே இல்லை. ஒட்டத் தகுந்தவை 1, 3, 7, 9 என்று நான்கு இருக்கையில் 1-உம் 7-உம் எங்கே போயின?

இதற்கு விடை கீழ் வகுப்பிலேயே இருக்கிறது. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிவரும் தொகை 3-ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் 3-ஆல் வகுபடும். இலக்கச் சுட்டி என்று படித்தது நினைவிருக்கலாம். எண்ணை 3-ஆல் வகுத்தால் வரும் மீதியும், இலக்கங்களின் கூட்டுத்தொகையை 3-ஆல் வகுத்தால் வரும் மீதியும் ஒன்றேதான். எனவே ஓர் இலக்கத்தை ஒட்டினால், பழைய மீதியோடு அந்த இலக்கத்தின் மீதி கூடும், அவ்வளவுதான். 3, 9 இரண்டுக்கும் மீதி 0, ஒட்டினாலும் ஒன்றும் மாறாது. 1, 7 இரண்டுக்கும் மீதி 1, ஒட்டினால் ஒரு படி ஏறும்.

2-உம் 5-உம் மீதி 2 தருபவை. அவற்றோடு 1-ஐயோ 7-ஐயோ ஒட்டினால் மீதி 3, அதாவது 0. எண் 3-ஆல் வகுபட்டுவிடும், கதை முடிந்தது. 21, 27, 51, 57 எல்லாம் அப்படித்தான் விழுகின்றன. எனவே 2 அல்லது 5-இல் தொடங்கினால் கடைசி வரை 3, 9 மட்டுமே ஒட்டலாம். அது பழக்கம் அல்ல, கட்டாயம்.

7-இன் மீதி 1. அங்கே ஒரே ஒரு தடவை 1-ஐயோ 7-ஐயோ ஒட்டலாம். ஒட்டியதும் மீதி 2-க்கு ஏறிவிடும், அதன்பின் 3-உம் 9-உம்தான். 73939133-இல் அந்த ஒரே சலுகை ஆறாவது இலக்கத்தில் செலவாகியிருக்கிறது, அங்கே நிற்கிற 1-ஐப் பாருங்கள். 3-இல் தொடங்கினால் மீதி 0, இரண்டு சலுகை. 37337999-இல் இரண்டு 7-ஆக அவை செலவாகிவிட்டன. 83 எண்களையும் வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தாலும் இந்தச் சட்டத்தை மீறிய ஒன்று கிடைக்காது. கிடைக்கவும் முடியாது.

ஆக, வளர வளர எல்லாக் கிளையும் மீதி 2-க்கு வந்து சேர்ந்துவிடப் பார்க்கும். வந்து சேர்ந்ததும் நுனியில் நான்கு மொட்டுக்குப் பதில் இரண்டு மொட்டுதான். எட்டு இலக்கத்து ஐந்துமே மீதி 2-இல்தான் நிற்கின்றன. மரம் மெலிவதற்கு இது பாதிக் காரணம்.

மற்றப் பாதி, முதன்மை எண்களின் இயல்பிலேயே இருக்கிறது. அவை முடிவில்லாதவைதான், ஆனால் போகப் போக ஐதாகும். தோட்டத்தில் கீழ் மலையில் செடிகள் நெருக்கமாக நின்று, மேலே கல்லுப் பகுதிக்கு ஏற ஏற ஐதாகிற மாதிரி. ஆயிரத்துப் பக்கத்தில் ஏறக்குறைய 7 எண்ணுக்கு ஒன்று முதன்மை. பத்து இலட்சத்துப் பக்கத்தில் 14-க்கு ஒன்று. நூறு கோடிப் பக்கத்தில் 21-க்கு ஒன்று. ஒவ்வோர் இலக்கம் கூடும்போதும் இந்த இடைவெளி 2.3 அளவு நீள்கிறது. எண்ணின் இயற்கை மடக்கைதான் (2.718... என்ற e-ஐ எத்தனையாம் அடுக்குக்கு உயர்த்தினால் அந்த எண் வரும் என்பது) அந்த இடைவெளி. ஜெர்மன் கணிதமேதை கவுஸ் பதினைந்து வயதுப் பையனாக மடக்கை அட்டவணையையும் முதன்மை எண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து இதை ஊகித்தார். அதை நிறுவ 1896 வரை போயிற்று. ஹடமார்ட், டி லா வலே பூசான் என்ற இருவர் அந்த ஒரே ஆண்டில் தனித்தனியாக நிறுவினார்கள். சரி, அந்தக் கதைக்குள் போனால் திரும்பி வர முடியாது.

இப்போது இரண்டையும் சேர்த்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 30 எண்களை வரிசையாக எடுத்தால் 2, 3, 5 மூன்றுமாக 22-ஐத் தின்றுவிடும், மிச்சம் 8. நாம் ஒட்டிப் பார்க்கும் எண்கள் ஏற்கெனவே அந்த எட்டுக்குள் இருப்பவை. எனவே அவை முதன்மையாக இருக்கும் வாய்ப்பு சாதாரண எண்ணுக்கு உள்ளதைப்போல் 30-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 3.75 மடங்கு. ஒரு நுனியில் இரண்டு மொட்டு என்றால், ஒரு கிளை சராசரியாக எத்தனை பிள்ளை பெறும்? 7.5-ஐ மடக்கையால் வகுத்தால் வருவது.

மடக்கை 7.5-ஐவிடச் சிறிதாக இருக்கும்வரை ஒரு கிளைக்கு ஒன்றுக்கு மேல் பிள்ளை, மரம் பெருகும். 7.5-ஐத் தாண்டினால் ஒன்றுக்குக் குறைவு, மரம் தேயும். மடக்கை 7.5 வருவது 1800-இன் பக்கத்தில். அதாவது நான்கு இலக்கத்தில். மரம் உச்சம் தொட்ட இடம் எது? நான்கு இலக்கம், 16 எண்கள். தோராயக் கணக்கு இவ்வளவு துல்லியமாக வந்து உட்காரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதல் தடவை போட்டபோது எங்கோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் போட்டேன்.

அதன்பின் தேய்வதுதான் விதி. எட்டாவது இலக்கத்துக்கு வரும்போது ஒரு கிளைக்கு அரைப் பிள்ளைகூடத் தேறாது. என்றைக்காவது மரம் முடிந்தே தீரும் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் எட்டோடு முடிந்தது விதி இல்லை. இங்கேதான் பலர் வழுக்குவார்கள். ஐந்து கொழுந்துக்கும் இரண்டிரண்டு மொட்டு, ஆகப் பத்து எண்களைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் முதன்மையாக இருக்கும் வாய்ப்பைக் கூட்டினால் ஏறத்தாழ 1.9 வரும். அதாவது ஒன்பது இலக்கத்தில் இரண்டு எண்ணாவது கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். கிடைத்தது ஒன்றுமில்லை. பத்தும் ஒருசேர விழுவதற்கு எட்டில் ஒரு பங்கு வாய்ப்புத்தான், அந்த ஒரு பங்கு நடந்துவிட்டது. பத்தில் ஒன்று பிழைத்திருந்தால் இன்றைக்கு நாம் வேறொரு எண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம், 73939133-ஐ யாரும் ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். மரம் முடிவது இயல்பு, இந்த எண்ணில் முடிந்தது தற்செயல். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, எட்டில் ஏதோ இரகசியம் இருக்கிறது என்று தேடப் போனால் சோதிடம்தான் மிஞ்சும்.

மரத்தில் இன்னும் ஒரு கிளையைக் காட்டாமல் விட மனம் வரவில்லை. 73939. இதற்கு மீதி 1, எனவே 1, 3, 7, 9 நான்கையும் ஒட்டிப் பார்க்கலாம். வருவது 739391, 739393, 739397, 739399. நான்குமே முதன்மை! ஒரே பத்துக்குள் நான்கு முதன்மை எண்கள் என்பது 2, 3, 5, 7-ஐ விட்டால் இருக்கக்கூடிய உச்சம். 11, 13, 17, 19 அப்படி ஒன்று, 101, 103, 107, 109 இன்னொன்று. மேலே போகப் போக இவை அரிது. 83 எண்களில் நான்கு பிள்ளை பெற்றது 73939 மட்டும்தான். பெற்ற நான்கில் இரண்டு அடுத்த இலக்கத்திலேயே கருகிவிட்டன. 739393 இரண்டு பிள்ளை பெற்று அதோடு நின்றது. 739391 மட்டும் ஒரு பிள்ளை, அதற்கு ஒரு பிள்ளை என்று போய் 73939133-ஐ அடைந்தது.

கருகிய இரண்டில் ஒன்றான 739397-க்கு வேறொரு பெருமை இருக்கிறது. அதை வலப்பக்கம் கிள்ளினாலும் முதன்மை, இடப்பக்கம் கிள்ளினாலும் முதன்மை. இடப்பக்கமாக எடுத்தால் 39397, 9397, 397, 97, 7. இப்படி இரண்டு பக்கமும் தாங்கும் எண்கள் மொத்தம் 15 மட்டும். 2, 3, 5, 7, 23, 37, 53, 73, 313, 317, 373, 797, 3137, 3797 போக, பெரியது இந்த 739397.

இடப்பக்கக் கிள்ளல் என்று சொன்னதும் கேள்வி வரும்: அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம்? நிறையவே போகலாம். 0 இல்லாமல் எழுதினால் இடப்பக்கமாகக் கிள்ளும் எண்கள் 4260. பெரியதற்கு 24 இலக்கம்: 357686312646216567629137. ஏன் இவ்வளவு வித்தியாசம்? கடைசி இலக்கம் 3 அல்லது 7 என்று முதலிலேயே உறுதியாகிவிடுகிறது. அதன்பின் முன்னால் எதை ஒட்டினாலும் 2-ஆலும் 5-ஆலும் தொல்லை வராது. 1 முதல் 9 வரை ஒன்பதையும் ஒட்டிப் பார்க்கலாம். அதில் மூன்று 3-ஆல் வகுபட்டு விழும், ஆறு மொட்டு நிற்கும். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஆறு.

அதே கணக்கை இங்கும் போடலாம். 7.5-க்குப் பதில் 22.5. மடக்கை 22.5 வருவது பத்து இலக்கத்தில். உண்மையில் இடப்பக்க மரம் ஒன்பது இலக்கத்தில் 545 எண்களோடு உச்சம் தொட்டு, பத்தில் 517-ஆகக் குறைந்து, பிறகு தேய்ந்துகொண்டே போய் 24-ஆவது இலக்கத்தில் ஒற்றை எண்ணோடு நிற்கிறது. ஒரே கணக்கு இரண்டு மரத்துக்கும் பொருந்துகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. இந்த எண்களை ஏஞ்சல், கோட்வின் என்ற இருவர் 1977-இல் மேதமட்டிக்ஸ் ஒஃப் கொம்பியுட்டேஷன் என்ற சஞ்சிகையில் ஆராய்ந்து எழுதினார்கள். மூன்றே பக்கக் கட்டுரை. இதற்கு அதற்குமேல் தேவையும் இல்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, இது எண்ணோட குணமா, இல்ல நாம எழுதற விதத்தோட குணமா?"

நல்ல கேள்வி. நான் எதிர்பார்க்காததும்கூட. முதன்மையாக இருப்பது எண்ணின் குணம். 7 தேங்காயை எந்த ஊரில் வைத்தாலும், எந்த எழுத்தில் எழுதினாலும் சம பங்காகப் பிரிக்க முடியாது. ஆனால் கிள்ளுவது எழுத்தின் வேலை. பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனிக் குறிகள் இருந்தன. அதில் எழுபத்துமூன்று ௭௰௩. கடைசிக் குறியைக் கிள்ளினால் ௭௰, எழுபது. முதன்மை போயிற்று! அந்த முறையில் கணக்கெழுதிய நம் முப்பாட்டன்மாருக்கு இந்த 83 எண்களும் வெறும் எண்கள்தான், விசேஷம் ஒன்றும் தெரிந்திருக்காது.

இடப்பெறுமானத்தோடு எழுதினாலும், பத்தை விட்டு இரண்டை அடியாக எடுத்தால் மரமே மாறிவிடும். கணினிக்குள் இருக்கும் துவித எண்ணில் 0-வை ஒட்டினால் இரட்டை எண்ணாகிவிடும். எனவே 1-ஐ மட்டுமே ஒட்டலாம். 1-ஐ ஒட்டுவது என்றால் இரட்டித்து 1-ஐக் கூட்டுவது. துவிதத்தில் ஓர் இலக்க முதன்மை எண்ணே கிடையாது, 1 முதன்மை அல்ல. எனவே இரண்டு இலக்கத்தில் எழுதப்படும் 2, 3 இரண்டையும் அடிமரமாக வைத்துக்கொள்வோம். 2-இல் தொடங்கினால் 5, 11, 23, 47. அதற்கடுத்தது 95, அது 5-ஆல் வகுபடும். 3-இல் தொடங்கினால் 7, அடுத்தது 15, உடனே முடிந்தது. மரம் என்று சொல்லவே முடியாது, இரண்டு குச்சி. இப்படித் தொடங்கினால் துவித எண்ணில் பெரியது 47.

அதனால் இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடுவோரும் உண்டு. விளையாட்டுத்தான், மறுக்கவில்லை. இதை வைத்துப் பாலம் கட்ட முடியாது, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் காப்பாற்ற முடியாது. ஆனால் விளையாட்டை விளக்கப் போனால் மீதியும் மடக்கையும் நிகழ்தகவும் வேண்டியிருக்கிறது, அவை விளையாட்டு இல்லை. சாதாரண தரப் பாடத்திட்டத்தில் தனித்தனி அத்தியாயமாகக் கிடக்கிற மூன்றும் ஒரே எண்ணுக்காக ஒன்றாக வந்து நிற்பதை வேறெங்கு காட்டுவது?

ஒருவர் எந்த எண்ணைப் பார்த்தாலும் கிள்ளிப் பார்க்கத் தொடங்கிவிடுவார் என்பதுதான் இதில் இருக்கிற ஆபத்து. எனக்கும் அந்த வியாதி வந்து போயிற்று. சிவனொளிபாதமலையின் உயரம் 2243 மீட்டர் என்று எங்கோ பார்த்ததும் வகுக்க உட்கார்ந்தேன். 47 வரை போக வேண்டும், எதிலும் வகுபடவில்லை. முதன்மை! ஆனால் ஒரு கிள்ளலுக்குத் தாங்கவில்லை, 224 இரட்டை எண். இடப்பக்கம் கிள்ளினால் 243, 3-ஐ ஐந்து தடவை பெருக்கியது. நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலை 2524 மீட்டர், பார்த்தவுடனேயே இரட்டை எண். சோதனை அத்தோடு முடிந்தது.

தேயிலையோடு ஒப்பிட்டுத் தொடங்கினேன், ஒப்பீடு எங்கே உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேயிலையில் நுனியைக் கிள்ளினால் பக்கத்துக் கணுக்கள் விழித்துக்கொண்டு புதுத் துளிர் விடும், வாரம் பத்து நாளில் அதே நிரைக்குத் திரும்பி வரலாம். வயதாகிக் கொழுந்து குறைந்தால் கவ்வாத்து வெட்டி மறுபடி எழுப்புவார்கள். 73939133-ஐ எங்கே வெட்டி எங்கிருந்து எழுப்பினாலும் அந்த 83-க்குள்தான் சுற்றி வர வேண்டும். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்படின்னா அது தேயிலை இல்லடா, வாழை மரம். ஒரு தாரு, அதோட சரி" என்றாள். வாழைக்கும் பக்கக் கன்று வரும் என்று நான் சொல்லவில்லை.

மழை விட்ட பிறகு, 73939133-இன் நுனியில் ஏன் ஒன்றும் ஒட்டவில்லை என்பதை மகளே பார்க்கட்டும் என்று விட்டேன். இலக்கங்களின் கூட்டுத்தொகை 38. 1-ஐ ஒட்டினால் 39, 7-ஐ ஒட்டினால் 45, இரண்டும் 3-ஆல் வகுபடுபவை. அதை அவள் மனதிலேயே சொல்லிவிட்டாள். மிச்சம் 739391333, 739391339 இரண்டும். இதில் இரண்டாவது கல்லுளிமங்கன். 200 வரை உள்ள எந்த முதன்மை எண்ணாலும் வகுபடாது. அதனால் முதலாவதை மட்டும் கையால் செய்து பாரு, போனைத் தொடாதே என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் தன் சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்தாள். 7-ஆல் வகுத்து மீதி 2. 11-ஆல் மீதி 10. 13-ஆல் 5. 17-ஆல் 14. 19-க்கும் 23-க்கும் ஒரே மீதி, 6. அந்த இடத்தில் பிழையோ என்று சந்தேகப்பட்டு இரண்டு தடவை போட்டிருந்தாள், பிழை இல்லை. அப்படியே 97, 101, 103 என்று பக்கம் திரும்பி, 113-இல் மீதி 15. இருபத்தெட்டாவது வகுத்தல் 127. ஈவு 5821979, மீதி பூச்சியம். பூச்சியத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தாள்.

அதன் கீழே, நான் வேண்டாம் என்று சொன்ன 739391339-ஐ எழுதி, பக்கத்தில் 7-ஐப் போட்டு, மீதி 1 என்று தொடங்கியிருந்தாள்.